கோதுமை அறுவடை: அரிவாளா, அறுத்துக் கட்டும் இயந்திரமா, கூட்டு இயந்திரமா?

கதிர் பழுக்கத் தொடங்கியதும் கோதுமை போட்டவர்களிடமிருந்து வரும் கேள்வி ஒன்றுதான்: எதைக் கொண்டு அறுப்பது? கேள்வியோடு ஒரு கணக்கும் வரும். ஆள் வைத்தால் இவ்வளவு கூலி, இயந்திரத்துக்கு இவ்வளவு வாடகை, எது குறைவு? கணக்கு தப்பில்லை, ஆனால் பாதிக் கணக்கு. மீதிப் பாதி மணியின் ஈரத்திலும், மணி போக எஞ்சும் தாளிலும் ஒளிந்திருக்கிறது. என்னைக் கேட்டால், எந்த முறை நமக்கு ஏற்றது என்பதைத் தீர்மானிப்பவை அந்த இரண்டும்தான். கூலியும் வாடகையும் அவற்றுக்குப் பிறகே வர வேண்டும்.

ஒப்பிடப்போகும் முறைகள் மூன்று. கையால் அறுத்துக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றுவது ஒன்று. சிறு இயந்திரத்தால் அறுத்துக் கட்டி, காய்ந்த பிறகு கதிரடிக்கும் இயந்திரத்தில் கொடுப்பது இன்னொன்று. அறுப்பு, அடிப்பு, தூற்றல் எல்லாவற்றையும் வயலிலேயே ஒரே ஓட்டத்தில் முடிக்கும் கூட்டு அறுவடை இயந்திரம் மூன்றாவது.

## எவற்றை வைத்து எடைபோடுவது

மணியின் ஈரம். கதிருக்குக் கீழே உள்ள காம்பு பச்சை நீங்கி மஞ்சளாகும்போது, மணிக்குச் செடியிலிருந்து வரும் ஊட்டம் நின்றுவிடுகிறது. அப்போது மணியில் 35 முதல் 40 சதவீதம் ஈரம் இருக்கும். அதற்குப் பிறகு மகசூல் ஒரு கிராம்கூட ஏறாது. மணி காய மட்டுமே செய்யும். ஆக, அந்த நாளுக்கும் அறுக்கும் நாளுக்கும் நடுவில் பயிர் வயலில் நிற்பது லாபத்துக்காக அல்ல, காய்வதற்காக மட்டுமே. அந்த இடைவெளியில் மழை வரலாம், காற்று பயிரைச் சாய்க்கலாம், பறவைகள் கூட்டமாக இறங்கலாம். மூன்று முறைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்த ஆபத்தான இடைவெளியின் நீளம்தான்.

ஈரமானி இல்லாதவர் நகத்தையும் பல்லையும் நம்பலாம். ஒரு கதிரை உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு, நடுக்கதிரில் இருந்த மணியை எடுத்து நகத்தால் அழுத்துங்கள். பால் கசிந்தால் இன்னும் நாளாகும். பிசைந்த மாவுபோல் நகம் இறங்கித் தடம் நின்றால் முற்றி வருகிறது என்று பொருள். நகம் தடம் பதிக்கத் திணறினால் அரிவாளுக்குத் தயார். பல்லில் வைத்துக் கடிக்கும்போது நசுங்காமல் ‘டக்’கென்று உடைந்தால் கூட்டு இயந்திரத்தை அழைக்கலாம். ஒரே கதிரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மேட்டில் நிற்கும் கோதுமைக்கும் பள்ளத்தில் நிற்கும் கோதுமைக்கும் பல நாள் வித்தியாசம் இருக்கும்.

தாள். இன்றைய குட்டை ரகங்களில் ஒரு டன் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை டன் தாள் கிடைக்கும். மாட்டுத் தீவனம், தொழுவப் படுக்கை, காளான் வளர்ப்பு, கூரை, மூடாக்கு என்று அதற்குப் பயன் உண்டென்றால் அது இரண்டாவது மகசூல். பயன் இல்லையென்றால் அகற்ற வேண்டிய சுமை. அறுப்பு முறையைப் பேசும்போது பலரும் மறப்பது இதைத்தான்.

மணி எதற்கு? விதைக்கா, மாவுக்கா, தீவனத்துக்கா? தீவனத்துக்கு உடைந்த மணி குறையில்லை. விதைக்கு, வெளியே தெரியாத கீறல்கூடக் குறை.

வயலும் ஆளும். பரப்பு, வடிவம், இயந்திரம் நுழையும் வழி, மண்ணின் ஈரம், அந்த வாரத்தில் கிடைக்கும் ஆட்கள். இவற்றை அவரவர் வயலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

## கை அரிவாள்

அரிவாளின் பெரும் பலம், அது காத்திருக்க வேண்டியதில்லை என்பது. மணியில் 20 முதல் 25 சதவீதம் ஈரம் இருக்கும்போதே அறுக்கலாம். அறுத்ததைக் கட்டாகக் கட்டி, எட்டு பத்துக் கட்டுகளைக் கதிர் மேல்நோக்கி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினால் நடுவில் காற்று புகுந்து காயும். வானிலையைப் பொறுத்து, கூட்டு இயந்திரத்துக்குக் காத்திருப்பவரைவிடப் பல நாள் முன்னதாகவே வயலைக் காலி செய்துவிடலாம். அடுத்த பயிருக்கு அவசரப்படுபவருக்கு அந்த நாட்கள் பொன்னானவை.

மணி உதிரும் ரகமாக இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. பனி காயாத விடியற்காலையில் அறுத்தால் கதிர் பதமாக இருக்கும், உதிர்வு குறையும். கூட்டு இயந்திரத்துக்கு இது நேர்மாறு. பனி முழுவதும் காயும்வரை அது வரப்பில் நிற்க வேண்டியதுதான்.

தரையோடு ஒட்டி அறுப்பதால் தாள் முழுதாகக் கிடைக்கும். களைகளை ஒதுக்கிவிட்டு அறுக்கலாம். சாய்ந்து பின்னிக் கிடக்கும் பயிரையும், மூலைமுடுக்குகளையும், சரிவில் உள்ள பாத்திகளையும் அரிவாள் விட்டுவைப்பதில்லை.

விலை? உழைப்புதான். ஒரு ஹெக்டேரை அறுத்துக் கட்ட 15 முதல் 25 ஆள்நாள் ஆகும். நின்றுகொண்டே வீசி அறுக்கும் நீள்கைப்பிடி அரிவாளைப் பழகிய கை நாளுக்கு அரை ஹெக்டேர் வரை அறுத்துவிடும். ஆனால் அந்தப் பழக்கம் ஒரு பருவத்தில் வருவதில்லை. இதன்மேல் கட்டுகளைக் களத்துக்குத் தூக்குவது, அடிப்பது, தூற்றுவது என்று தனித்தனி வேலைகள். ஒவ்வொரு கை மாறும்போதும் கொஞ்சம் மணி உதிரும். அறுக்கும்போது, கட்டும்போது, வண்டியில் ஏற்றும்போது, களத்தில் இறக்கும்போது என்று சேர்த்துப் பார்த்தால், “கையால் அறுத்தால் சேதமே இல்லை” என்ற பேச்சு எடுபடாது.

தூற்றலுக்குக் காற்று வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று சொன்னவர்கள் களத்தில் நின்று சொன்னவர்கள். மின்விசிறியோ கையால் சுற்றும் தூற்றும் பெட்டியோ இருந்தால் இந்தக் கவலை இல்லை.

## அறுத்துக் கட்டும் இயந்திரம்

இந்த நடுவழியை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் நடுத்தரப் பரப்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஸ்காட்லாந்தில் பாட்ரிக் பெல் 1828-இலும், அமெரிக்காவில் சைரஸ் மெக்கார்மிக் 1831-இலும் அறுக்கும் இயந்திரங்களை வயலில் ஓட்டிக் காட்டினார்கள். அறுத்ததைக் கட்டுவது அதன்பிறகும் கைவேலையாகவே நீடித்தது. பின்னர் வந்த கட்டும் இயந்திரங்கள் முதலில் கம்பியால் கட்டின. கம்பித் துண்டுகள் மாட்டின் வயிற்றுக்குள்ளும் மாவு ஆலைக்குள்ளும் போய்ச் சேர்ந்தன. நூலால் முடிச்சுப் போடும் அமைப்பு 1870-களில் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இன்று பிளாஸ்டிக் நூல் போட்டுக் கட்டும்போது அதே தொல்லை வேறு வடிவில் திரும்பி வருகிறது. தாள் மாட்டுக்குப் போகிறதென்றால் சணல் போன்ற இயற்கை நூலைப் போடுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவுதான். ஒரு மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பதோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

வேகத்தை நீங்களே கணக்கிடலாம். 1.2 மீட்டர் அகலம் அறுக்கும் இயந்திரத்தின் பின்னால் மணிக்கு 3 கிலோமீட்டர் நடந்தால் மணிக்கு 3,600 சதுர மீட்டர் வரும். திரும்புவது, அடைப்பு எடுப்பது, எரிபொருள் ஊற்றுவது எல்லாம் போக, கால் ஹெக்டேர் நிற்கும். ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு ஹெக்டேர். ஈர விஷயத்தில் இது அரிவாளோடு சேர்ந்தது: முன்கூட்டியே அறுக்கலாம், கட்டிலேயே காயவிடலாம். தாளும் நீளமாக, நசுங்காமல் கிடைக்கும். கூரை வேய நீளத்தாள் வேண்டுமென்றால் இந்த இரண்டு முறைகளைத் தவிர வேறு வழியில்லை. கூட்டு இயந்திரத்துக்குள் கதிரடிக்கும் உருளை தாளை நசுக்கிவிடும்.

இதன் மறைவான செலவு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுக் கதிரடிக்கும் இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் எலி வரும், தீப்பொறி வரும், மழையும் வரும். கட்டில் நனைந்த கதிர் கட்டிலேயே முளைக்கும். கதிரடிக்கும் இயந்திரமோ கையை இழுத்துக்கொள்ளும் இயந்திரம். கதிரை உள்ளே தள்ளும் வாய் நீளமாகவும் மேல்மூடியோடும் இருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் அதன் முன் நிறுத்தாதீர்கள். தளர்ந்த உடையும் இரவு வேலையும் தூக்கக் கலக்கமும் சேர்ந்த இடத்தில்தான் விரல்கள் போகின்றன. எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் வராத செலவு இது.

சாய்ந்த பயிரில் இந்த இயந்திரம் தடுமாறும். அறுக்கும் பட்டை கதிருக்குக் கீழே போக வேண்டும்; படுத்த பயிரில் அது கதிரையே வெட்டும் அல்லது மேலே நழுவிவிடும்.

## கூட்டு அறுவடை இயந்திரம்

பயிரை அறுக்கும் முகப்பு நான்கு மீட்டர் அகலம் இருந்து, மணிக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் கணக்குப்படி மணிக்கு 1.6 ஹெக்டேர். திருப்பமும் தொட்டி காலி செய்வதும் போக ஒரு ஹெக்டேராவது முடியும். இருபது ஆள் ஒரு நாளில் செய்வதை ஒரு மணி நேரத்தில் செய்யும் கருவியோடு வேகத்தில் போட்டியிட எதுவும் இல்லை. மழை நாளை மறுநாள் என்றால் விவாதத்துக்கே இடமில்லை. இயந்திரம் கிடைத்தால் உடனே இறக்கிவிட வேண்டியதுதான்.

ஆனால் அது கேட்பது காய்ந்த பயிர். 13 முதல் 15 சதவீத ஈரம் அதற்கு உகந்தது. 18, 20 சதவீதத்திலும் ஓட்டலாம். ஓட்டினால் உலர்த்தும் செலவு உங்கள் தலையில். ஒரு டன் கோதுமையை 20 சதவீத ஈரத்தில் அறுத்து, சேமிப்புக்கு ஏற்ற 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் எஞ்சுவது 909 கிலோ. மீதி 91 கிலோவும் தண்ணீர். அதை வெயிலோ எரிபொருளோ வெளியேற்ற வேண்டும். சூடான காற்றில் உலர்த்துபவர்கள் விதைக் கோதுமைக்குச் சுமார் 40 டிகிரி செல்சியஸையும், மாவுக் கோதுமைக்குச் சுமார் 60 டிகிரியையும் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் முன்னது முளைக்காது. பின்னதன் பசையம் கெடும், ரொட்டி எழும்பாது.

ஈரம் குறையட்டும் என்று காத்திருப்பதற்கும் விலை உண்டு. பழுத்த கதிர் நனைந்து நனைந்து காயும்போது மணி உப்பிச் சுருங்கும், தோல் சொரசொரப்பாகும், ஒரே அளவு பாத்திரத்தில் முன்பைவிடக் குறைந்த எடைதான் பிடிக்கும். மறுபடி காயவைத்தாலும் அந்த எடை முழுதாகத் திரும்பாது. மழை நீடித்தால் மணி கதிரிலேயே முளைவிடத் தொடங்கும். வெளியே முளை தெரிவதற்கு முன்பே உள்ளே மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி வேலையை ஆரம்பித்துவிடும். ஆலைகள் இதை ‘வீழ்வு எண்’ கொண்டு அளக்கின்றன: மாவையும் நீரையும் கலந்து கொதிநீரில் சூடாக்கி, ஒரு தண்டு அந்தக் கூழில் இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். ரொட்டி மாவுக்கு 250 விநாடி என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. அது 200-க்கும் கீழே போனால் ரொட்டியின் உட்பகுதி பிசுபிசுக்கும். அந்தக் கோதுமை தீவன விலைக்கு இறங்கும். டியூரம் கோதுமை போட்டவர்களுக்கு மழை இன்னும் பெரிய பகை. அதன் கண்ணாடி போன்ற மணி நனைந்தால் வெளுத்து, பாஸ்தாவுக்கான மதிப்பை இழந்துவிடும்.

இன்னொரு மறைவான செலவு இயந்திரத்தின் பின்னால் தரையில் கிடக்கும். வாடகை இயந்திரத்தை ஓட்டுபவருக்கு வேகமே வருமானம். உங்களுக்கு மணியே வருமானம். வேகம் கூடினால் உள்ளே தாள் நெரிந்து, பிரியாத மணி தாளோடு வெளியே போகும். ஆகவே முதல் ஓட்டம் முடிந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். மீட்டருக்கு மீட்டர் அளவில் ஒரு கயிற்றுச் சட்டத்தை இயந்திரம் போன தடத்தில் போட்டு, குனிந்து, தாளை விலக்கி, தரையில் கிடக்கும் மணிகளை எண்ணுங்கள். ஆயிரம் மணி 40 கிராம் என்றால், சதுர மீட்டருக்கு 100 மணி என்பது ஹெக்டேருக்கு 40 கிலோ. ஹெக்டேருக்கு 3 டன் விளையும் வயலில் அது 1.3 சதவீதம், பொறுத்துக்கொள்ளலாம். 300 மணி கிடந்தால் 4 சதவீதம். ஓட்டுநரோடு பேச வேண்டிய நேரம். தாள் வரிசையாக விழுந்த இடத்தில் மட்டும் எண்ணினால் கணக்கு மிகையாகிவிடும். முகப்பின் முழு அகலத்திலும் மூன்று நான்கு இடங்களில் எண்ணிச் சராசரி பாருங்கள்.

கிடப்பது எப்படிப்பட்டது என்பதும் செய்தி சொல்லும். மணி உதிராத முழுக் கதிர்த் துண்டுகள் கிடந்தால் உருளையின் வேகம் போதவில்லை, அல்லது உருளைக்கும் அதன் கீழுள்ள சல்லடைக்கும் நடுவே இடைவெளி அதிகம். தொட்டியில் உடைந்த மணி நிறைய இருந்தால் வேகம் கூடிவிட்டது. மிகவும் காய்ந்த பயிரில், காலையில் சரியாக இருந்த அமைப்பு உச்சி வெயிலில் மணியை உடைக்கும். ஒருமுறை அமைத்துவிட்டு நாள் முழுவதும் மறந்துவிடும் வேலை இல்லை இது.

தாள் விஷயத்தில் கூட்டு இயந்திரம் கஞ்சன். முகப்பை உயர்த்தி ஓட்டினால் வேலை வேகமாக நடக்கும். அதனால் முழங்கால் உயரத்துக்கு அடித்தாள் வயலிலேயே நிற்கும். விழும் தாளைச் சேகரிக்க இன்னொரு இயந்திரம், இன்னொரு வாடகை. கொளுத்திவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் தாளிலுள்ள நைட்ரஜனையும் கரிமத்தையும் புகையாக அனுப்பிவிடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் நுரையீரலுக்கும் சேர்த்து. மண்ணில் மடக்கி உழுவது நல்லது. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. கோதுமைத் தாளில் கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் சுமார் 80-க்கு 1. மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் பற்றாக்குறை நைட்ரஜனை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். உடனே அடுத்த பயிர் போட்டால் அது மஞ்சளாக முளைத்து நிற்கும். கொஞ்சம் இடைவெளியோ கூடுதல் நைட்ரஜனோ தேவைப்படும்.

எடையும் ஒரு பிரச்சினை. நடுத்தர இயந்திரமே தொட்டி நிரம்பினால் பத்து டன்னை நெருங்கும். ஈர மண்ணில் அது ஓடிய தடம் அடுத்த பயிரின் வேர்களுக்குச் சுவராகும். கூடவே களை விதைகள்: காட்டு ஓட்ஸ் ஒரு மூலையில் மட்டும் இருந்தாலும் இயந்திரம் அதை அடித்து வயல் முழுவதும் தூவிவிடும். முந்தைய வயலின் களை விதையும் வேற்று ரக மணியும் அதன் உள்ளறைகளில் தங்கியே வருகின்றன.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கை அரிவாள் | அறுத்துக் கட்டும் இயந்திரம் | கூட்டு இயந்திரம் |
|---|---|---|---|
| அறுக்கத் தொடங்கும் ஈரம் | 20–25% | 20–25% | 13–15%. அவசரத்துக்கு 20% வரை |
| வேகம் | ஹெக்டேருக்கு 15–25 ஆள்நாள் | நாளுக்கு 1.5–2 ஹெக்டேர் | மணிக்குச் சுமார் 1 ஹெக்டேர் |
| தாள் | முழுதாக, நீளமாக | நீளமாக | நசுங்கி. அடித்தாள் வயலில் |
| சாய்ந்த பயிர் | சமாளிக்கும் | தடுமாறும் | மெதுவாக, இழப்போடு |
| மறைவான செலவு | சுமப்பு, தூற்றல், உதிர்வு | காத்திருப்பு, கதிரடிக்கும் ஆபத்து | உலர்த்தல், தாள் சேகரிப்பு, மண் இறுக்கம் |
| விதைக்கு | மிக ஏற்றது | ஏற்றது | சுத்தம் செய்து, மெதுவாக ஓட்டினால் |

## யாருக்கு எது

கால் ஹெக்டேருக்கும் குறைவான பரப்பில் வீட்டு மாவுக்காகப் போட்டவர் இயந்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். நாலைந்து பேர் ஒரு நாளில் முடிக்கும் வேலை. பெரிய இயந்திரம் அங்கே திரும்புவதற்குள்ளேயே பயிரில் ஒரு பகுதியை மிதித்துவிடும்.

ஒன்று முதல் ஐந்து ஹெக்டேர் வரை, வீட்டில் மாடும் உண்டு, தாளும் வேண்டும், அறுவடைக் காலத்தில் வானம் நம்பத் தகுந்ததாக இல்லை என்றால் அறுத்துக் கட்டும் இயந்திரத்துக்கே என் வாக்கு. காத்திருக்கும் கட்டுகளை மூடத் தார்ப்பாய் இருப்பது நிபந்தனை. தாள் தேவையில்லை, ஆளும் கிடைக்காது என்பவருக்கு அதே பரப்பில் கூட்டு இயந்திரமே சரி.

அதற்கு மேற்பட்ட பரப்பில் பேச்சே வேறு. அங்கே கூட்டு இயந்திரமா இல்லையா என்பதல்ல, அது எந்த நாளில் வரும் என்பதுதான் கேள்வி. எல்லாருடைய கோதுமையும் ஒரே வாரத்தில் பழுக்கும். வரிசையில் கடைசியாக நின்று மழையில் மாட்டிக்கொள்பவர், குறைந்த வாடகையில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கை இழப்பார். விதைக்கும்போதே சீக்கிரம் பழுப்பதும் தாமதமாகப் பழுப்பதுமாக இரண்டு ரகங்களைப் பிரித்துப் போட்டால் இந்த நெருக்கடி பாதியாகும்.

எம்மர், ஸ்பெல்ட், ஐன்கார்ன் போன்ற பழைய இனங்களைப் போட்டவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அடித்தாலும் இவற்றின் உமி மணியை விடாது. எந்த முறையில் அறுத்தாலும் உமி நீக்கும் வேலை தனியாகக் காத்திருக்கிறது; அந்த வசதி எங்கே என்று தெரிந்துகொண்ட பிறகே அறுப்பைப் பற்றி யோசிக்கலாம். கதிர்த் தண்டு எளிதில் முறிவதால் நன்றாகக் காய்ந்த பிறகு தாமதிப்பதும் கூடாது.

சொந்த விதை எடுப்பவர்களுக்கு, மற்ற வயலில் எந்த இயந்திரம் ஓடினாலும் விதைக்கான பகுதியை மட்டும் கையால் அறுக்கச் சொல்வேன். ஒரு ஹெக்டேர் விதைக்க 120 கிலோ விதை என்று வைத்துக்கொண்டால், ஹெக்டேருக்கு 3 டன் விளையும் வயலில் அதற்கு 400 சதுர மீட்டர் போதும்; சுருங்கிய மணியும் உடைசலும் கழிய, 500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தை விட்டு உள்ளே, பயிர் சீராக நிற்கும் இடமாகப் பாருங்கள். இயந்திரம் வருவதற்கு முன்பே வேறு ரகக் கதிர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு அறுத்து, தனியாகக் காயவைத்து, தனியாக அடித்து, ரகத்தின் பெயரை எழுதிய துண்டை மூட்டைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் போட்டு வையுங்கள்.